நீலக்கண் டிம்பா

பொம்மைக் கடைக்குள் கால் வைத்ததுமே மோகனப்ரியாவுக்குப் பிடிக்காமல் போனது அந்த வாடைதான். ஸ்ட்ராபெர்ரி மிட்டாயை வேக வைத்ததுபோல ஓர் இனிப்பு நெடி ஏசி காற்றோடு கலந்து மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்துப் பிடிக்காமல் போனது, அவளைப் பார்த்து நீண்ட கைபேசி.

"ஒரு செகண்ட் மேடம்," என்றான் கடைக்காரன் ஹரீஷ்குமார். காதில் வளையம், சட்டை முழுக்கப் பொம்மைப் படம். "வெளிய போய் மறுபடி கதவத் தெறந்துட்டு வாங்களேன். 'டிடெக்டிவ் என்ட்ரி'ன்னு ரீல்ஸ் போட்டா சும்மா பிச்சிக்கும்."

"வெளிய போவாங்க சார்," என்றான் பின்னால் வந்த முனிராஜ். "ஆனா எங்க மேடம் வெளிய போனா மறுபடி உள்ள வர மாட்டாங்க. பரவால்லையா?"

கைபேசி தணிந்தது.

மோகனப்ரியா ஓசூரில் ஒரு வண்டிப் பாகங்கள் தயாரிக்கும் கம்பெனியில் பல வருடம் தரப் பரிசோதனை செய்தவள். கம்பெனி ஆளைக் குறைத்தபோது, குறை கண்டுபிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது என்பதால் ராயக்கோட்டை சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பு வேலை. முனிராஜ் அதற்கு முன் பார்சல் டெலிவரி செய்தவன். ஊரில் எல்லாச் சந்தும் தெரியும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசத் தெரியும். ஒன்றிலும் பேசாமல் இருக்கத் தெரியாது.

"கதையச் சொல்லுங்க," என்றாள் அவள்.

ஹரீஷ்குமார் விற்பது டிம்பா. கட்டைவிரல் உயரப் பொம்மை. தொப்பை, இரண்டு கொம்பு, வாய் நிறையப் பல். அதை வெள்ளி நிறப் பாக்கெட்டில் போட்டு ஒட்டி விற்கிறார்கள். கிழித்துப் பார்த்தால்தான் உள்ளே எது என்று தெரியும். பச்சையும் மஞ்சளும் கொட்டிக் கிடக்கும். நீலக்கண் வைத்த டிம்பா மட்டும் அபூர்வம். அது யாருக்கு வருகிறதோ, அவர் அதை ஒரு மாதச் சம்பளத்துக்கு இணையத்தில் விற்றுவிடலாம். அந்த ஒன்றுக்காகச் சம்பள நாளில் இந்தக் கடை வாசலில் கம்பெனிப் பெண்கள் வரிசை கட்டி நிற்பார்கள்.

"கண்ணு நீலமா இருந்தா அவ்ளோ வெலையா?" என்றான் முனிராஜ். "எங்க மாமாவுக்கு மஞ்சளா இருந்துச்சு. ஆஸ்பத்திரியிலதான் சேத்தோம்."

ஹரீஷ்குமார் சிரிக்கவில்லை. "என் ஷோகேஸ்ல ஒரு நீலக்கண் வச்சிருந்தேன் மேடம். ரெண்டு மாசமா அதே எடத்துல. நேத்து மத்தியானம் பிரவீனான்னு ஒரு பொண்ணு வந்தா. போனதுக்கப்புறம் பாத்தா பொம்மையக் காணோம். சாயங்காலம் அவ ஹாஸ்டல் வார்டனே போன் பண்ணாங்க. அந்தப் பொண்ணு பையில நீலக்கண் தொங்குதாம். இன்னைக்குக் காலையில ஸ்டேஷன்ல சொன்னேன். எஸ்.ஐ. வெங்கடப்பன், ஆதாரம் கொண்டா, சாயங்காலமே கேஸ் போடறேன்னாரு. அதான் உங்களக் கூப்ட்டேன்."

"உங்க கேமரா?"

"நேத்துன்னு பாத்து வேலை செய்யல."

மோகனப்ரியா ஷோகேஸ் முன்னால் போய் நின்றாள். கறுப்புக் கண்ணாடித் தட்டு. பச்சை, மஞ்சள் டிம்பாக்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம். முனிராஜ் ஒரு மஞ்சள் பொம்மையைத் தூக்கினான். அதன் அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் அளவுக்குக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, சுற்றிலும் தூசி. நீலக்கண் நின்றதாகச் சொன்ன இடத்தில் பாதமும் இல்லை, பளிச்சும் இல்லை. ஒரே சீராகத் தூசி.

"சார், இந்த நீலக்கண்ணுக்குக் காலு உண்டா?" என்றான் முனிராஜ்.

"ரெண்டு காலு இருக்கு. ஏன்?"

"பறக்குமோன்னு பாத்தேன்."

மோகனப்ரியா அவனை அடக்குவதுபோல் கையைக் காட்டினாள். "அந்தப் பொண்ணு இங்க பாக்கெட் எதாச்சும் வாங்குனாளா?"

"ஒண்ணு வாங்குனா. அதுக்குள்ள இருந்துதான் வந்துச்சுன்னு கதை விடறா. அதுல வந்திருக்காது மேடம்."

"கிழிக்காத பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹரீஷ்குமாரின் புன்னகை அப்படியே நின்றது, கண்கள் மட்டும் நகர்ந்தன. "சான்ஸ் கம்மின்னு சொல்ல வந்தேன்."

"சரி," என்றாள் அவள்.

வெளியே வந்து வண்டியை எடுத்தபோது முனிராஜ் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான். "அக்கா, இல்லாத பொம்மைய எப்படித் திருடுவாங்க?"

"திருடல. பாக்கெட்ல இருந்துதான் வந்திருக்கணும். ஆனா தன் கடைப் பாக்கெட் எதுலயும் நீலக்கண் இருக்காதுன்னு அவனுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்குது. எப்பத் தெரியும்? முன்னாடியே பிரிச்சுப் பாத்திருந்தா."

"அப்ப அவனே நம்மள எதுக்குக் கூப்ட்டான்?"

"திருட்டுப் போன பொம்மைன்னு ஊரெல்லாம் பேசுனா அதுக்கு வெலை ஏறும் முனி. நம்மள அவன் விளம்பரத்துக்குக் கூப்ட்டிருக்கான்." சொல்லும்போதே அவளுக்கு வாய் கசந்தது. "அந்தப் பாக்கெட்டோட காலி உறை வேணும். அது கெடச்சாப் போதும்."

*

மூக்கண்டப்பள்ளியில் அந்த விடுதி, தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. மூன்று மாடி, கம்பி கட்டிய ஜன்னல்கள், ஜன்னல்தோறும் காயும் சீருடைகள். வாசல் படியில் ஒரு தகரப் பெட்டியின் மேல் பிரவீனா உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். நத்தம் பக்கத்து ஊர். செல்போன் பாகம் பூட்டும் கம்பெனியில் வேலை. அவளை அறையிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்பது பெட்டியைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான் எடுக்கலக்கா," என்றாள், யார் என்றுகூடக் கேட்காமல். நேற்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்துபோயிருந்தது. "லீவு நாளு. ஒரு பாக்கெட் வாங்குனேன். கூடையில நானே கைய விட்டு எடுத்தேன். இங்க வந்து பிரிச்சேன். நீலக்கண்ணு வரவும் எல்லாரும் கத்துனாளுக. பையில மாட்டிக்கிட்டேன். அம்புட்டுத்தான்."

"உறை எங்க?"

"மெஸ்ஸு குப்பையில போட்டேன். கையில மருதாணி வச்சிருந்தேன், அதனால பல்லால கடிச்சுப் பிச்சேன்."

"கேஸு ஆச்சுன்னா?"

"கம்பெனில அன்னைக்கே நிறுத்திருவாக. வேற கம்பெனியிலயும் எடுக்க மாட்டாக."

உள்ளேயிருந்து வார்டன் தங்கமணி வந்தாள். ஐம்பது வயது, கழுத்து நிறையச் சங்கிலி, கையில் ஆவி பறக்கும் டீ. "வாங்கம்மா, உக்காருங்க. எனக்கே மனசு கேக்கல. இதுங்கெல்லாம் நான் பெத்த பொண்ணுங்க மாதிரி. ஆனா திருட்டுன்னு வந்தப்புறம் மத்த பொண்ணுங்களையும் பாக்கணுமில்ல? அதான் கடைக்காரத் தம்பிக்குச் சொன்னேன். கம்பெனிக்கும் இன்னைக்குச் சொல்லிருவேன்."

டீயை வாங்கும்போது மோகனப்ரியா அவள் விரல்களைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பழுப்பாக ஒரு சூட்டுத் தழும்பு.

"தோசைக்கல்லு," என்றாள் தங்கமணி, கேட்காமலே.

"குப்பை எங்கம்மா கொட்டுவீங்க?"

"அது காலையிலயே வண்டி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு."

முனிராஜ் கட்டடத்தின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். "போயிருச்சுங்களா? காக்காங்களுக்குத் தகவல் வரல போல. ஊர்வலமே நடக்குது அங்க."

*

பின்பக்கச் சுவரோரம் இரண்டு நீல டிரம்கள் நின்றன. மூடி இல்லை. மோகனப்ரியா துப்பட்டாவால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். வண்டிப் பெட்டியில் கையுறை இரண்டே ஜோடி இருந்தது.

முதல் டிரம்மைக் கவிழ்த்ததும் முனிராஜ் கூடப் பேச்சை நிறுத்தினான். புளித்த சாம்பார், சீப்பிலிருந்து உருவிப் போட்ட முடிச்சுருள்கள், ஊறிப்போன டீத்தூள், வெந்தும் வேகாத சோற்றுக் கட்டி. சோற்றில் கறுப்பாக வண்டுகள் கிடந்தன. அவை டிரம்மில் வந்து விழுந்தவை அல்ல, சோற்றோடு சேர்ந்து வெந்தவை. மோகனப்ரியாவுக்குச் சற்று முன் குடித்த டீ நினைவுக்கு வர, திரும்பி நின்று இரண்டு முறை எச்சில் துப்பினாள்.

"இதத்தான் அந்தப் பொண்ணுங்க தின்னுதுங்களா?" என்றாள்.

"தின்னுட்டு மிச்சம் வச்சதுக்கா இது." முனிராஜின் குரலில் கேலி இல்லை.

வெள்ளிப் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. நிறைய இருந்தன. விடுதியில் பாதிப் பெண்கள் இதே பைத்தியத்தில் இருந்தார்கள் போலிருக்கிறது. சாம்பாரில் நனைந்ததைத் முனிராஜ் துடைத்துத் துடைத்துச் சுவரோரம் பரப்பினான். அவற்றில் ஒன்றின் மேல் ஓரத்தில் பல் கடித்த தடம், அதைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மருதாணிக் கறை.

மோகனப்ரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல் ஓரத்தில் கம்பெனி ஒட்டு, தகரக் கூரை மாதிரி மடிப்பு மடிப்பாக. கீழ் ஓரத்தில் அந்த மடிப்பு இல்லை. பட்டையாக, லேசாக உருகி, ஒரே நேர்க்கோடு.

"முனி, மத்ததப் பாரு."

எல்லாப் பாக்கெட்டிலும் மேலே மடிப்பு, கீழே நேர்க்கோடு.

"எங்க அத்தை முறுக்கு பாக்கெட் போடும்ல, அதே மெஷினுக்கா," என்றான் முனிராஜ். "கையால அழுத்துனா சூடுல ஒட்டும். அப்ப எல்லாத்தையும் அடியில வெட்டி, நல்லத எடுத்துட்டு, பச்சையும் மஞ்சளும் போட்டு ஒட்டி வித்திருக்கானுங்க."

"சம்பளம் வாங்குன கையோட வந்து வரிசையில நின்னாளுங்க. வரவே வராத ஒண்ணுக்கு." அவள் பிரவீனாவின் உறையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். மூலையில் ஊசியால் குத்திய இரண்டு துளி வெளிச்சம். மற்ற உறைகளில் அது இல்லை. "இத மட்டும் அடையாளம் வச்சிருக்காங்க. அவன் கடை லைவ்ல மாசாமாசம் ஒருத்தருக்கு நீலக்கண் விழும்னு வர்ற வழியில சொன்னீல்ல?"

"ஆமா. வளையல் போட்ட கை ஒண்ணு வந்து கூடையில இருந்து எடுக்கும். மூஞ்சி காட்ட மாட்டாங்க. 'வின்னருக்கு வெக்கம்'னு சொல்லுவான். அடுத்த நாளு ஊரே கடைக்கு ஓடும்."

"அந்தக் கைக்கு எடுக்க வேண்டிய பாக்கெட் இது. லைவுக்கு முன்னாடி பிரவீனா கைய விட்டுட்டா. பாக்கெட்டுக்குள்ள நாங்கதான் வச்சோம்னு அவனால சொல்ல முடியுமா? அதான் ஷோகேஸ்ல இருந்து திருடிட்டான்னு கதை கட்டிட்டான்."

"அப்ப கதை முடிஞ்சுது. கடைக்குப் போயி மெஷினத் தேடுவோம்."

"இரு," என்றாள் அவள். இரண்டாவது டிரம் இன்னும் பாக்கியிருந்தது. அதன் அடியில், முட்டை ஓட்டுக்குக் கீழே, முடிச்சுப் போட்ட ஒரு கறுப்பு கவர். முனிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தான். உள்ளிருந்து சேமியா மாதிரி வெள்ளி நூல்கள் உதிர்ந்தன. மெல்லிய மெல்லிய கீற்றுகள். ஒவ்வொன்றிலும் தகரக் கூரை மடிப்பு.

"ஜிகினாவா?"

"பாக்கெட் வாங்குறவங்க மேல கிழிப்பாங்க முனி. அடியில இவ்ளோ ஒல்லியா கத்திரியில நறுக்குறவங்க யாரு?"

அவன் கீற்றைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான், பிறகு கட்டடத்தின் பின்கதவைப் பார்த்தான். "கடையில வெட்டல. இங்கதான் வெட்டியிருக்காங்க."

"தோசைக்கல்லு வட்டமா இருக்கும்," என்றாள் மோகனப்ரியா. "அந்தம்மா விரல்ல இருக்கறது ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்குது. ரெண்டு விரலுக்கும் ஒரே கோடு."

அந்த டீயை முழுக்கக் குடிக்காமல் விட்டதற்காக அவள் சந்தோஷப்பட்டாள்.

*

ஹரீஷ்குமாரைக் கூப்பிட்டபோது அவள் குரலில் தேன் வழிந்தது. "ஆதாரம் கெடச்சிருச்சு சார். எஸ்.ஐ.யையும் வரச் சொல்லிட்டேன். நீங்க நேரா ஹாஸ்டலுக்கு வந்து லைவ் போட்டுருங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். விடுதி மெஸ்ஸில் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பும் பெண்கள் தட்டோடு நின்றிருந்தார்கள். எஸ்.ஐ. வெங்கடப்பன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிரவீனா வாசலோடு நின்றுவிட்டாள். தங்கமணி அவளுக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைக்க எதுவும் இல்லாவிட்டாலும்.

"ஹாய் பிரெண்ட்ஸ்," என்று ஹரீஷ்குமார் கைபேசியைப் பார்த்துச் சிரித்தான். "நீலக்கண் திருட்டு, இன்னைக்கு முடிவு. நம்ம டிடெக்டிவ் மேடம் சொல்லுவாங்க."

மோகனப்ரியா பல் தடம் பதிந்த உறையைக் கேமராவுக்கு அருகில் பிடித்தாள். "இது இவர் கடைப் பாக்கெட். மேல கம்பெனி ஒட்டு. கீழ பாருங்க, வீட்டு மெஷின் ஒட்டு. உங்க கையில இருக்கற பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்க. அதுலயும் இப்படித்தான் இருக்கும்."

ஹரீஷ்குமார் கைபேசியை இழுத்தான். முனிராஜ் அவன் மணிக்கட்டை நட்பாகப் பிடித்துக்கொண்டான். "அசையாதீங்க சார். ஷேக் ஆனா மக்கள் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருவாங்க."

அவள் ஷோகேஸ் தூசியைச் சொன்னாள். ஊசித் துளைகளைச் சொன்னாள். முகம் காட்டாத கையைச் சொன்னாள். பிறகு வெள்ளிக் கீற்றுக் கவரை மேஜைமேல் கொட்டினாள். "இது இந்த மெஸ்ஸுக் குப்பையில இருந்துச்சு. தங்கமணியம்மா, ஸ்டோர் ரூம் சாவி குடுங்க."

"அது தொலைஞ்சு போச்சு."

வெங்கடப்பன் எழுந்தார். "அப்ப பூட்டை ஒடைக்கச் சொல்லட்டுமா?"

சாவி தங்கமணியின் இடுப்பிலிருந்தே வந்தது.

ஸ்டோர் ரூமில் கருகிய பிளாஸ்டிக் வாடை. ஒரு மூலையில் ஒட்டும் மெஷின், கத்திரி, வெட்டாத பாக்கெட் பெட்டிகள். மெஸ்ஸுக்கு அரிசி வைக்கும் பெரிய டிரம்மை முனிராஜ் திறந்தான். வண்டு நெளியும் அரிசியின்மேல் ஒரு துணி விரித்து, அதில் நீலக்கண் டிம்பாக்கள் வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி. அந்தப் பொம்மைகளுக்கு இருந்த பாதுகாப்பு அவற்றின் அடியில் இருந்த அரிசிக்கு இல்லை.

"நான் பெத்த பொண்ணுங்க மாதிரின்னு சொன்னீங்க," என்றாள் மோகனப்ரியா.

"நான் ஒட்டித்தாம்மா குடுத்தேன்," என்றாள் தங்கமணி. "மத்ததெல்லாம் அந்தத் தம்பி."

"ஆன்ட்டி, ஐடியாவே உங்களுது," என்றான் ஹரீஷ்குமார். லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெங்கடப்பன் இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்தார். அதற்குள் மெஸ்ஸில் இருந்த பெண்கள் ஸ்டோர் ரூம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, "எத்தன இருக்குடீ," என்றாள். இன்னொருத்தி கையை விட்டாள். அடுத்த நிமிடம் பல கைகள் அரிசிக்குள் துழாவின. "எனக்கு வர வேண்டியது அது," என்று ஒருத்தி கத்த, இன்னொருத்தி அவள் முடியைப் பிடித்தாள். வண்டு கையில் ஏறியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. வெங்கடப்பன் லத்தியால் கதவைத் தட்டி விரட்ட வேண்டியிருந்தது. மோகனப்ரியா சுவரில் சாய்ந்தாள். குப்பை டிரம்மின் முன்னால் கட்டியதுபோலவே துப்பட்டாவால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

பிரவீனா மட்டும் உள்ளே வரவில்லை. படியில் இறங்கி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க இனி இருக்க மாட்டியே?" என்று கேட்டாள் மோகனப்ரியா.

"இல்லக்கா. ஷிஃப்டு முடிச்சிட்டு வேற எடம் பாத்துக்கிறேன். பஸ் வந்துரும்."

தெருமுனையில் ஓர் ஆட்டோ நின்றது. கசங்கிய வேட்டியோடு ஒரு மனிதர் இறங்கி வேகமாக வந்தார். விடியற்காலையிலிருந்து பஸ் மாறி மாறி நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. மகளைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டி, படியேறி, மெஸ் வாசலில் நின்ற வெங்கடப்பனைக் கும்பிட்டார்.

"ஐயா, நான் பிரவீனாவோட அப்பன். வார்டனம்மா போன் போட்டுச் சொன்னாக. புள்ள தெரியாமச் செஞ்சிருச்சு. யாரு கால்ல விழணுமோ சொல்லுங்க, விழுந்திர்றேன். கேஸு மட்டும் வேணாம்."

மோகனப்ரியாதான் சொன்னாள்.

"உங்க பொண்ணு திருடலைங்க."

அவர் கும்பிட்ட கையை இறக்காமலே திரும்பினார். "யாரும்மா சொன்னாக?"

"மொதல்ல உங்க பொண்ணுதான் சொன்னா. நேத்தே. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

அவர் கைகள் மெல்ல இறங்கின.

"சொன்னா," என்றார்.

கம்பெனி பஸ் தெருவுக்குள் திரும்பியது. பிரவீனா பெட்டியைத் தூக்கினாள். அவர் ஓடிவந்து அதன் இன்னொரு பிடியில் கை வைத்தார். அவள் விடவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. பெட்டி இருவருக்கும் நடுவே கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே போனது. பஸ் கதவருகே வந்ததும் அவள் அதைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு ஏறினாள்.